முதலில் எடுத்தவருக்கா, மண்ணுக்கா?



விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வரும்போது காரை, குளக்காநத்தம் ஓடைகளுக்கும் சாத்தனூர் கல்மரத்துக்கும் அவர்களைக் கூட்டிப் போங்கள். அங்கே ஒரு கல் சிப்பியைக் கண்டதும் சின்னப் பிள்ளை இரண்டு வார்த்தை சொல்லும். "நான்தான் முதல்ல எடுத்தேன், இது எனக்கு" என்பது ஒன்று. "இங்க கடல் இருந்துச்சா? இருக்கவே இருக்காது" என்பது இன்னொன்று.

முதல் வார்த்தையை எடுத்துக்கொள்வோம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓரி ஃப்ரீட்மன், கரன் நியரி இருவரும் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பொம்மையை வைத்து இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக விளையாடும் கதையைச் சொல்லி, பொம்மை யாருடையது என்று கேட்டார்கள். முதலில் வைத்திருந்தவருடையது என்றே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் சொன்னார்கள். 2010-இல் வந்த மற்றோர் ஆய்வில், அடுத்தவர் களிமண்ணை வாங்கி உருவம் செய்தால், உழைத்தவருக்கே அது சொந்தம் என்று பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். எடுத்தவருக்கு உரிமை, உழைத்தவருக்கு உரிமை. இவ்வளவுதான் பிள்ளைகளின் சட்டம்.

நம் மண்ணின் கதையும் இதே சட்டப்படிதான் நடந்தது. 1840-களில் சென்னை மாகாணத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரங்களில் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் லண்டன் புவியியல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862-இல் வெளியிட்டார். அடுத்து ஸ்டோலிச்கா பல ஆண்டுகள் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பியையும் விவரித்தார். எடுத்தவர்கள் பெயரும் உழைத்தவர்கள் பெயரும் ஏட்டில் நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்தச் சிப்பிகள் மேல் ஏர் ஓட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் உலகப் புவியியல் நூல்களில் நம் ஊர்ப் பெயர்கள் நிற்கின்றன. அது நமக்குக் கிடைத்த பங்கு.

இரண்டாவது வார்த்தைக்கு வருவோம். 2007-இல் ஷ்டுல்மன், கேரி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கட்டிலுக்கு அடியில் முதலை இருப்பது போன்ற அரிய நிகழ்ச்சிகளைச் சொல்லி, இது நடக்குமா என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். நடக்கவே நடக்காது என்றார்கள் சிறியவர்கள். பார்த்திராததும் நடக்காததும் அவர்களுக்கு ஒன்றே. வயது ஏற ஏறத்தான் "அபூர்வம், ஆனாலும் நடக்கலாம்" என்ற எண்ணம் வருகிறது.

பெரியவர்கள் அதற்கு நேர்மாறாகவும் போவதுண்டு. 2020 அக்டோபரில் குன்னம் ஏரியில் தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி மாவட்டம் முழுக்கப் பரவியது. பார்வையிட்ட வல்லுநர்கள், அவை அம்மோனைட் என்ற கடலுயிரியோடு தொடர்புடைய படிவுகள் என்றார்கள். மாட்டேன் என்ற பிள்ளைக்கும் உடனே நம்பிய பெரியவருக்கும் மருந்து ஒன்றுதான்: "அது எப்படித் தெரியும்?" என்ற கேள்வி. இந்தச் சிப்பிக்குள் என்ன இருந்தது, அது எங்கே வாழும் என்று கேட்டுப் பாருங்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலுக்குப் பிள்ளை தானாகவே வந்து சேரும்.

உரிமையையும் அப்படியே பேசுங்கள். கல்லங்குறிச்சியில் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் அந்தக் கடலின் சிப்பி அடுக்குகளே இருக்கின்றன. அரைத்தபின் அவை திரும்பி வராது. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த சாத்தனூர் கல்மரம், 18 மீட்டருக்கு மேல் நீளமானது. அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் காக்கப்படுவதால்தான் நம் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்க்க முடிகிறது.

ஆகவே, ஓடையில் கிடைப்பதைப் பையில் போடாமல் படம் எடுத்து, கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடம் தெரியாத படிவம் பாதி ஊமை. அபூர்வமாகத் தோன்றினால் வாரணவாசி அருங்காட்சியகத்தில் தெரிவியுங்கள். "முதலில் பார்த்தது நீ, அடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் இன்னும் பிறக்கவில்லை" என்று சொன்னால் நாலு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

என்றும் அன்புடன், உங்கள் ஆசிரியர்.