பிரிவிலேஜ் எஸ்கலேஷன்

தமக்கு உரியதல்லாத அதிகாரத்தைக் கணினியில் ஒருவர் முறையின்றிப் பெறுவதைக் குறிக்கக் கணினிப் பாதுகாப்புத் துறையில் வழங்கும் இத்தொடரின் முதற்பதம், தனியொருவர் என்னும் பொருளுடைய 'பிரீவுஸ்' என்பதும் சட்டம் என்னும் பொருளுடைய 'லெக்ஸ்' என்பதும் கூடிப் பிறந்த லத்தீன் சொல்லினின்று வந்தது. பொதுநீதியை விட்டு விலகி ஒருவரை மட்டும் குறித்து, பெரும்பாலும் அவருக்குப் பாதகமாகவே, இயற்றப்படும் சட்டத்தையே ரோமானியர் ஆதியில் அப்பெயரால் சுட்டினர் என்பதும், சலுகை என்னும் பொருள் பிற்காலத்தில் வந்தேறியதே என்பதும் சிந்திக்கத்தக்கவை. இரண்டாம் பதம், ஏணியைக் குறிக்கும் 'ஸ்காலா'வின் வழியில் வந்த எஸ்கலேட்டர் என்னும் நகரும் படிக்கட்டின் பெயரிலிருந்து கிளைத்தது.

'அதிகார உயர்வு' என்று பெயர்த்தால் தகுதியால் பெறும் பதவி உயர்வோடு மயங்குமாதலின், 'முறையற்ற அதிகார ஏற்றம்' என்பதே பொருந்தும் என்பது என் துணிபு.

இத்தகைய ஏற்றம் நிகழும் வழிகளுள் ஒன்று இது: இயங்குதளத்தின் மையப்பகுதியாகிய கெர்னலுக்குள் உச்ச அதிகாரத்தோடு இயங்கும் டிரைவர் என்னும் மென்பொருள், ஏவுபவர் யாரென்று வினவாமலே ஏவலைச் செய்துவிடுமாயின், சாமானியப் பயனருக்கும் அதுவே ஏணியாகிவிடுகிறது. டெல் கணினிகளில் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க உதவிய டிரைவர் ஒன்றில், 2009 முதல் மறைந்திருந்த ஐந்து குறைகள் 2021 மே மாதத்தில் வெளிப்படுத்தப்பட்டபோது, அவற்றுள் நான்கு அதிகார ஏற்றத்துக்கு வழிவிடுவனவாகவே இருந்தன. முறையான டிஜிட்டல் கையொப்பம் பெற்றதாதலின், குறையுள்ள அந்த டிரைவரை, தாக்குதல் நடத்துவோர் தாமே கொண்டுவந்து நிறுவிக்கொள்ளவும் இயலும் என்பதே இதன் கொடிய அம்சம். குறையுள்ள அந்த டிரைவர் கோப்பைக் கணினியிலிருந்து அறவே நீக்கிவிடுமாறு டெல் நிறுவனம் பயனர்களுக்கு அறிவித்தது.