உருளவள்ளி வழக்கும் நம் கையிலிருக்கும் அழைப்பாணையும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன் என் வகுப்புப் பிள்ளை ஒருவருடைய அப்பா பாடசாலைக்கு வந்தார். கையில் சிங்களத்தில் ஒரு தாள். நீதவான் நீதிமன்றத்து அழைப்பாணை. லயத்துக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு குசினி கட்டியிருக்கிறார். தோட்டத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். "சேர், ஒத்துக்கிட்டா தண்டப்பணத்தோட அன்னைக்கே முடிஞ்சிடும்னு சொல்றாங்க. லோயர் வச்சா காசுதான் போகுமாம். ஒத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவருக்கு நான் ஒரு பழைய கதையைச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன். அது நம்முடைய கேகாலை மாவட்டத்துக் கதைதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது.

உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மயர் என்று ஒரு தோட்டம். நம் ஆட்கள் வாயில் அது உருளவள்ளி. 1940களில் அரசாங்கம் அந்தத் தோட்டத்தை வாங்கியது. கிராம விஸ்தரிப்புத் திட்டத்தில் சுற்றியிருந்த கிராம மக்களுக்குக் காணி பிரித்துக் கொடுப்பது நோக்கம். நியாயமாகப் பேச வேண்டும்: தோட்டங்கள் வளைத்துக்கொண்ட மலைகளுக்கு நடுவில் அந்தச் சிங்களக் கிராம மக்களும் காணி இல்லாமல் கஷ்டப்பட்டவர்கள்தான். ஆனால் அதே மண்ணில் லயங்களில் பிறந்து வளர்ந்த தொழிலாளருக்கு அந்தத் திட்டத்தில் இடம் இருக்கவில்லை. வேலை முடிந்தது, லயத்தைக் காலி பண்ணுங்கள் என்று நோட்டீஸ் வந்தது.

அவர்கள் போகவில்லை. "எங்கே போவது?" என்று கேட்டார்கள். 1946 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொழிற்சங்கம் அவர்களுக்காக வேலைநிறுத்தம் நடத்தியது. களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் கொழுந்தும் பாலும் நின்றன. நம் வரலாற்றில் உருளவள்ளிப் போராட்டம் என்று எழுதப்படுவது இதைத்தான். மேடைப் பேச்சில் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்தப் போராட்டத்தின் இரண்டாம் பாதி நீதிமன்றத்தில் நடந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அரசாங்கம் வெளியேற்றுவதற்குச் சிவில் வழக்குப் போடவில்லை. குற்றவியல் வழக்குப் போட்டது. தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவு, குற்றமுறை அத்துமீறல். அதாவது தன் சொந்த லயத்து அறையில் படுத்திருந்தவன் குற்றவாளி.

இது புதிய பழக்கமும் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியை மறியலுக்கு அனுப்பலாம். துரைக்கும் கூலிக்கும் நடுவில் இருந்த ஒப்பந்தத்தை மீறுவது சிறைக்குரிய குற்றமாக இருந்தது. 1920களின் தொடக்கத்தில்தான் அந்தத் தண்டனைகள் நம் மக்களுக்கு நீங்கின. அத்துமீறல் சட்டமும் துரைமாரின் வேலிதான். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது. அதனால் கோ. நடேசய்யர் தொழிலாளரைப் பார்க்கப் புடவை வியாபாரி வேஷத்தில் போனதாகச் சொல்வார்கள். தகராறு வந்தால் பொலிஸ், பொலிஸ் வந்தால் கோர்ட், கோர்ட்டுக்குப் போனால் தண்டனை. நம் தாத்தா பாட்டி கண்ட உலகம் அதுதான். கோர்ட் என்றாலே நமக்கு வயிறு கலங்குவது அங்கிருந்து வந்த பழக்கம்.

உருளவள்ளி வழக்கில் நீதவான் நீதிமன்றம் தொழிலாளிக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது. அதோடு விட்டிருந்தால் இன்று எழுத ஒன்றும் இருந்திருக்காது. அவர்கள் மேன்முறையீடு செய்தார்கள். உயர் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை நீக்கியது. அரசாங்கம் விடவில்லை. லண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்கு, அதாவது பிரிவி கவுன்சிலுக்குப் போனது. வழக்கின் பெயர் "அரசர் எதிர் செல்வநாயகம்". (தந்தை செல்வா இல்லை. இவர் உருளவள்ளி லயத்தில் வாழ்ந்த ஒரு தொழிலாளி.) பெயரைப் பாருங்கள். ஒரு பக்கம் இங்கிலாந்து அரசர், மறுபக்கம் ஒரு தோட்டத் தொழிலாளி.

1950 இல் அரசரின் மேன்முறையீடு தள்ளுபடி ஆனது.

காரணத்தைக் கவனியுங்கள். 427ஆம் பிரிவின்படி ஒருவர் காணியில் நிற்பது மட்டும் குற்றமாகாது. இன்னொருவர் கைவசம் இருக்கும் இடத்தில், குற்றம் செய்யவோ அந்த ஆளை மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நிற்க வேண்டும். செல்வநாயகத்தின் நோக்கம் என்ன? தன் வீடு என்று நினைத்த இடத்தில் இருப்பது. அவ்வளவுதான். அதனால் துரைக்கோ அதிகாரிக்கோ எரிச்சல் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் எரிச்சல் வரும் என்று தெரிந்திருப்பது வேறு, எரிச்சலூட்டுவதற்காகவே நிற்பது வேறு. தனக்கு உரிமை இருக்கிறது என்று நேர்மையாக நம்பி நின்றால், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையாக இருந்தாலும் அது குற்றம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு அவருக்குக் காணி கொடுக்கவில்லை. "அங்கே இருக்க உனக்கு உரிமை உண்டு" என்றும் சொல்லவில்லை. "நீ குற்றவாளி இல்லை" என்று மட்டும்தான் சொன்னது. ஆனால் அந்த ஒரு சொல் எப்போது வந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கி, 1949 இல் வாக்குரிமையும் போன பிறகு. வாக்கு இல்லாத, பிரஜாவுரிமை இல்லாத ஒரு கூட்டத்திலிருந்து ஒருவர் அரசருக்கு எதிராக வென்றார். பாராளுமன்றத்தில் மூடிய கதவு நீதிமன்றத்தில் கொஞ்சம் திறந்திருந்தது. அது திறந்தது சட்டத்தரணி இருந்ததால், அவரை வைக்கச் சங்கம் இருந்ததால், தொழிலாளி "ஒத்துக்கொள்கிறேன்" என்று சொல்லாததால்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

1978 அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையை வீட்டில் எழுதி ஒட்டி வைக்கலாம். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தானாகவோ சட்டத்தரணி மூலமோ பேசலாம். நிரூபிக்கும் வரை நிரபராதி. இந்த உறுப்புரை பிரஜைக்கு மட்டும் என்று சொல்லவில்லை, எந்த ஆளுக்கும் என்கிறது. அடையாள அட்டை இல்லாதவருக்கும் இது உண்டு. சித்திரவதை கூடாது என்கிற 11ஆம் உறுப்புரையும் அப்படித்தான். இவை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும்.

சாதாரண சட்டப்படி பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வரலாம். அதற்கு 2012 இல் வர்த்தமானியில் விதிகள் வந்தன. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியாகப் பாவிக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மட்டும் இந்த விதிகள் வேறு. நம் இரண்டு சமூகங்களும் அதை அனுபவத்தில் அறிந்தவர்கள். அந்தச் சட்டத்தின் பெயர் காதில் விழுந்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்காமல் சட்டத்தரணியைத் தேடுங்கள்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது 24ஆம் உறுப்புரை தந்த உரிமை. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சட்டத்தரணி வைப்பது பற்றி: கோர்ட் வாசலில் "நான் ஆள் பிடிச்சுத் தாறேன்" என்று வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள். சட்டத்தரணியை நேரில் பாருங்கள். இப்படியான வழக்கு செய்திருக்கிறாரா, ஒரு தவணைக்கு எவ்வளவு, அவர் வராத நாளில் யார் நிற்பார் என்று முதலே கேளுங்கள். பற்றுச்சீட்டுக் கேளுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நமக்குப் பாதகமானதைத்தான் அவர் முதலில் தெரிந்திருக்க வேண்டும். வசதி இல்லையென்றால் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பல நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே அதன் நிலையங்கள் உண்டு. கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இன்று அரச காணியிலிருந்து எழுப்ப 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப் பெறுதல்) சட்டம் இருக்கிறது. அதில் உருளவள்ளி வாதம் எடுபடாது. செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து அதிகாரம் இருக்கிறதா என்பதைத்தான் நீதவான் பார்ப்பார். அதனால் வந்த தாள் குற்ற அழைப்பாணையா, வெளியேறும் அறிவித்தலா என்பதை முதலில் வாசித்து அறியுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அந்த அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: "அண்ணே, ஒத்துக்கிட்டா அன்னைக்கு முடியும், ஆனா பதிவு முடியாது. நாளைக்கு வெளிநாடு போக பொலிஸ் நற்சான்று எடுக்கப் போனா அது வந்து நிக்கும். செஞ்சது குத்தமா இல்லையான்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க."

அவர் சட்ட உதவி நிலையத்துக்குப் போனார். தவணை அடுத்த மாதம். முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று கோர்ட்டில் அவர் தனியாக நிற்கமாட்டார்.

உருளவள்ளிப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் வீட்டில் கேட்ட கதைகளைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வஸ்ஸலாம்.