வீட்டு வரி ரசீதும் மூன்று அலமாரிகளும்

போன மாதம் பேரூராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி கட்டிவிட்டு வந்து ரசீதை மேஜைமேல் வைத்தேன். பேத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பாரு, நூலக வரின்னு தனியாப் போட்டிருக்குதே, அது எதுக்குங்க?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாகக் கட்டுகிறேன். வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை.

அந்த வரிக்குப் பின்னால் நம் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். 1903-ல் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். அவர் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான், 1948-ல், பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர் நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன்.

ஏற்பாடு எளிமையானது. சொத்து வரியோடு சிறு தொகையைச் சேர்த்து வசூலித்து, அதை நூலகங்களுக்கே செலவிட வேண்டும். இன்று வரியில் ரூபாய்க்கு 10 காசு. மாவட்டத்துக்கு ஒரு மைய நூலகம், ஊர்களில் கிளை நூலகங்கள். செல்வந்தர் யாராவது மனமிரங்கிப் புத்தகம் வாங்கித் தரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டு வீட்டுக்காரரும் மில் முதலாளியும் கட்டிய காசில் வந்த புத்தகம் அது.

அப்படி ஒரு கிளை நூலகத்தில்தான் நான் படிக்கப் பழகினேன். என் நினைவில் நிற்பவை மூன்று அலமாரிகள்: சரித்திரம், அறிவியல், நாவல். கோவைகிழார் என்ற பெயரில் எழுதிய வழக்கறிஞர் ராமச்சந்திரன் செட்டியாரின் 'கொங்கு நாட்டு வரலாறு' முதல் அலமாரியில். பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியத் தொகுதிகளும், ஜி.ஆர். தாமோதரன் கோவையில் தொடங்கிய 'கலைக்கதிர்' இதழ்களும் இரண்டாவதில். இவர்கள் மூவரும் நம் பக்கத்துக்காரர்களே. மூன்றாவது அலமாரியில் தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறிந்துகொண்டிருப்பார். பின்னாளில் கணேஷும் வசந்தும் வந்தார்கள். அப்புறம் கோவைக்காரர் ராஜேஷ்குமார் வந்தார். கிணத்துக்கடவில் ரயிலேறிப் போத்தனூரில் இறங்குவதற்குள் கொலைகாரன் யார் என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு.

அந்தப் போத்தனூருக்குப் பக்கத்தில்தான் வெள்ளலூர். அங்கே 1842-ல் ஒரு புதையல் கிடைத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள். அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்தவை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் கடந்து வந்த காசு நொய்யல் கரைக்கு எப்படி வந்தது? புதைத்தவன் யார்? ஏன் திரும்ப வந்து எடுக்கவில்லை? இப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது சங்கர்லால்தான்.

காசு வந்த வழியைச் சரித்திர அலமாரி சொன்னது. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்கு வணிகப் பாதை இருந்தது. இந்தியச் சரக்குகளுக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் ரோமிலிருந்து போய்விடுகிறது என்று பிளினி அங்கலாய்த்திருக்கிறார். அப்படி என்ன நம்மிடம் இருந்தது? மிளகு, முத்து, துணி இவற்றோடு காங்கேயம் பக்கம் படியூரில் கிடைத்த பச்சைக்கல்லும் ஒன்று. பெரில் என்பார்கள். அதற்கு அறிவியல் அலமாரிக்குப் போனேன். மரகதமும் அதே கனிம வகைதான். 1798-ல் வாக்லன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அந்தக் கல்லிலிருந்துதான் ஒரு புதிய தனிமத்தைக் கண்டறிந்தார். பெரிலியம் என்ற பெயர் அப்படி வந்தது.

புதைத்தவன் ஏன் திரும்பவில்லை என்பதற்கு மட்டும் இன்னும் விடை இல்லை. அந்தக் கேள்விக்காகவே நான் இத்தனை வருஷம் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இவ்வளவும் தெரிந்த நான் ஒரு தப்புச் செய்தேன். என் மகன் ஒன்பதாவது படித்தபோது, கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு மர்ம நாவலை ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கி அவன் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் பாடப் புத்தகம் தவிர வேறெதையும் அவன் கையில் நான் பார்த்ததில்லை. என் அப்பாவோ எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் நான் என்ன புத்தகம் வைத்திருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பையன் படிக்கறான், விடு" என்பார். அந்தப் பொறுமை, படித்த எனக்கு இல்லாமல் போயிற்று.

பேத்தியிடம் நூலக வரியின் கதையைச் சொன்னேன். மறுநாள் நூலகத்துக்குக் கூட்டிப்போய் உறுப்பினராகச் சேர்த்துவிட்டேன். அவள் எடுத்து வந்தது ஒரு பேய்க் கதை. நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவள் அப்பா வேலையிலிருந்து வந்து, அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்து முதல் பக்கத்தைப் புரட்டினான்.