சிட்னி கடற்கரைகளின் நீர்த்தரம்

சிட்னி கடற்கரைகளின் நீர்த்தரம் என்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தலைநகரான சிட்னியின் பொதுக் கடற்கரைகளில் உள்ள நீர், குளிப்போரின் உடல்நலத்துக்கு எந்த அளவு பாதுகாப்பானது என்பதைக் குறிக்கும். பொண்டாய், கூஜி, மேன்லி முதலிய புகழ்பெற்ற கடற்கரைகள் இந்நகரில் உள்ளன. நகரின் கழிவுநீரில் பெரும்பகுதி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதே கடலில்தான் விடப்பட்டு வருகின்றது.

வரலாறு

பொண்டாய்க்கு வடக்கேயுள்ள பாறைமுனையிலிருந்து கழிவுநீரைக் கடலில் விடும் கால்வாய் 1889 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. பின்னர் மலபார், நோர்த் ஹெட் ஆகிய இடங்களிலும் இத்தகைய வெளியேற்றங்கள் ஏற்பட்டன. (மலபார் என்னும் பெயர், 1931 இல் அங்கே பாறையில் மோதி உடைந்த கப்பலின் பெயரிலிருந்து வந்ததாகும்.) கழிவு கரையோரத்திலேயே கலந்தமையால், காற்று கரையை நோக்கி வீசும் நாட்களில் மலக்கட்டிகள் குளிப்போரிடையே மிதந்தன. அவற்றை உள்ளூர் மக்கள் "பொண்டாய் சுருட்டு" என்று கேலியாக அழைத்தனர்.

1980களில் எதிர்ப்பு வலுத்தது. 1989 மார்ச்சில் பொண்டாயில் நடந்த எதிர்ப்பு இசைநிகழ்ச்சியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிடப்படுகின்றது. அதே ஆண்டில் பீச்வாட்ச் என்னும் அரசுக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது.

ஆழ்கடல் குழாய்கள்

1990, 1991 ஆம் ஆண்டுகளில் மேற்கூறிய மூன்று இடங்களிலும் ஆழ்கடல் குழாய்கள் இயங்கத் தொடங்கின. இவை கரையிலிருந்து ஏறத்தாழ 2 முதல் 4 கிலோமீட்டர் தொலைவில், 60 முதல் 80 மீட்டர் ஆழத்தில் கழிவுநீரை வெளிவிடுகின்றன. கழிவுநீர் உப்பற்றதாதலால் கடல்நீரைவிட இலேசானது. தானாக மேலெழ முயலும். ஆயினும் குழாய் முனையிலுள்ள பல துளைகள் வழியே பிரிந்து வெளியேறும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீருடன் கலந்து அடர்த்தி பெறுகின்றது. கோடையில் மேல்நீர் சூடாகி இலேசாக இருப்பதால், இக்கலவை பெரும்பாலும் மேற்பரப்பை எட்டாமல் ஆழத்திலேயே பரவிவிடுகின்றது.

இதனால் கடற்கரைகள் பெரிதும் தூய்மையடைந்தன. எனினும் இதனை முழுமையான தீர்வு எனக் கூற இயலாது. இந்நிலையங்களில் நடைபெறுவது பெரும்பாலும் முதல்நிலைச் சுத்திகரிப்பே. அதாவது, படியும் திடப்பொருள்களும் மிதக்கும் கொழுப்பும் மட்டும் பிரிக்கப்படுகின்றன.

அளவிடும் முறை

நோய்க்கிருமிகள் பலவகையானவை, ஒவ்வொன்றையும் தேடுவது கடினம். ஆகவே மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் என்டெரோகோக்கை என்னும் பாக்டீரியா, மலம் கலந்ததற்கான அடையாளமாக எண்ணப்படுகின்றது. ஆஸ்திரேலியாவின் 2008 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 95 விழுக்காடு மாதிரிகளில் 100 மில்லிலீட்டருக்கு 40 அல்லது அதற்குக் குறைவாக இருப்பின் அந்நீர் மிகச் சிறந்த வகையைச் சேரும். இங்கே ஒருமுறை குளிப்பதால் வயிற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இவ்வெண்ணிக்கை 500 ஐத் தாண்டினால் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு மேல் ஆகின்றது.

இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. பாக்டீரியாவை வளர்த்து எண்ணுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். முடிவு வரும்போது, சோதிக்கப்பட்ட நீரில் மக்கள் ஏற்கனவே குளித்து முடித்திருப்பர். எனவே பீச்வாட்ச் மழையளவு முதலியவற்றைக் கொண்டு நாள்தோறும் முன்கணிப்பு வெளியிடுகின்றது.

மழை

இன்று குளிப்போருக்கு முதன்மையான இடர் மழையே. மழைநீர் வடிகால்கள் தெருக்குப்பையையும் நாய்க்கழிவையும் நேரே கரைக்குக் கொண்டுவருகின்றன. பெருமழையில் சாக்கடைக் குழாய்களிலும் மழைநீர் புகுவதால் அவை நிரம்பி வழிகின்றன. மழைக்குப் பின் திறந்த கடற்கரைகளில் ஒரு நாளும், நீரோட்டம் குறைந்த துறைமுக, கழிமுகப் பகுதிகளில் மூன்று நாட்கள் வரையும் குளிப்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றது. நீர் தெளிவாகத் தோன்றுவது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

2024 நிகழ்வு

2024 அக்டோபரில் கூஜி கடற்கரையில் ஆயிரக்கணக்கான கரிய உருண்டைகள் ஒதுங்கின. அவை எண்ணெய்க் கசிவால் உண்டான தார் உருண்டைகள் என முதலில் கருதப்பட்டு, பல கடற்கரைகள் சில நாட்கள் மூடப்பட்டன. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஆய்ந்தபோது அவற்றில் சமையல் கொழுப்பு, மயிர், மருந்துப் பொருள்கள் முதலியன காணப்பட்டன.