கரிம இழைக் கலப்புப்பொருள்: கடுங்குளிர்ச் சோதனை

கரிம இழைக் கலப்புப்பொருள் கடுங்குளிரில் எவ்வாறு பழுதாகிறது என்பதை அறியும் சோதனை. ஆரணிப் பட்டைப் போலப் பாவும் ஊடையுமாக நெய்த, அல்லது ஒரே திசையில் அடுக்கிய கரிம இழைகளை எப்பாக்சி பிசினில் தோய்த்து இறுக்கி இப்பொருளைச் செய்கிறார்கள்.

குளிரில் பிசின் சுருங்கும். இழையோ நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்காது. இந்த இழுபறியில் பிசினில் நுண்விரிசல்கள் தோன்றும். மாதிரித் துண்டுகளைத் திரவ நைட்ரஜனில் (−196° செ.) அமிழ்த்தி, இழுத்தும் வளைத்தும் விரிசல்களை எண்ணுவர், அவற்றின் வழியே ஹீலியம் கசிவதையும் அளப்பர்.

நாசாவின் எக்ஸ்-33 விண்கலத் திட்டத்துக்காக இப்பொருளால் செய்த திரவ ஹைட்ரஜன் (−253° செ.) தொட்டி 1999 நவம்பரில் சோதனையில் பழுதானது. நுண்விரிசல் வழியே தொட்டிச் சுவரின் தேன்கூட்டு நடுவடுக்கில் புகுந்த ஹைட்ரஜன், தொட்டி சூடேறியபோது விரிந்து வெளியடுக்கைப் பிய்த்தது.