பட்டியல் பிரித்த வரலாறு

புதுவை மக்கள் வாக்குரிமையைக் கண்டது விடுதலைக்குப் பின்னரே என்று நம் இளைஞருட் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1871 முதலே பிரெஞ்சிந்தியா பாரிசு நாடாளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தனுப்பிற்று. 1880-இல் நகரசபைகளும் தோன்றின. மன்றங்கள் வந்தன, அவற்றிற்குள் யார் அமர்வது என்பதே சண்டையாயிற்று.

1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்தோர் புதுக் குடும்பப் பெயர் பூண்டு, பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தின் கீழ் வரலாயினர். இவ்வியக்கத்திற்குப் பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னின்றார். நம் முன்னோர் பலர் சேரிகளிலிருந்து சென்று பதிவு செய்தனர். மேலோர் வீட்டுத் திண்ணையேற இயலாதவன், சட்டத்தின் முன் அவ்வீட்டாரோடு சமமாக நிற்கத் துணிந்தான்! சாதி இந்துக்களின் தலைவரான நாடு சண்முகவேலாயுத முதலியார் எதிரணி திரட்டினார். ஊர் இரண்டுபட்டது.

1884-இல் அரசு கண்ட தீர்வு யாது? வாக்காளரை ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்களாகப் பிரித்ததே. சிறு தொகையினரான ஐரோப்பியருக்கும் தனிப் பட்டியல்! 1899-இல் துறந்தோரின் தனிப்பட்டியலும் நீக்கப்பட்டது. கட்சி, கொள்கையாக இராமல் ஆளும் சாதியுமாக மாறியது. வாக்குச்சாவடியைக் காக்க நடுநிலை அமைப்பு இல்லை. ஆதலின் தடியே பன்முறை வெற்றியை முடிவு செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஒரே பட்டியல் வந்தது.

பட்டியல் ஒழிந்தது, நோய் ஒழிந்ததா? 1968-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல். இடையில் 38 ஆண்டுகள்! 2011-இல் அம்மன்றங்களின் காலம் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றது. ஆட்சிக்கு வந்த கட்சிகள் ஒன்றையொன்று குறைகூறின. தெருவில் தமக்குப் போட்டியாளர் உருவாவதை எக்கட்சியின் சட்டமன்ற உறுப்பினரும் விரும்பவில்லை என்பதே எம் கருத்து. இழப்பு யாருக்கு? அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் மக்கள் தொகைக்கேற்ப நமக்கு இடங்களை ஒதுக்குகிறது. அவற்றுள் மூன்றிலொன்று நம் பெண்களுக்கு உரியது. தேர்தலே இல்லையெனில் ஒதுக்கீடு ஏது?

2014-இல் மழையில் இடிந்து வீழ்ந்த மேரி கட்டடம், 2021 பிப்ரவரியில் புதிதாய் எழுந்து திறக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் உறுப்பினர் விலகல்களால் மாநில ஆட்சியும் கவிழ்ந்தது. அவ்வாண்டு கடற்கரைச் சாலையில் அக்கட்டடத்தை மாணவர்க்குக் காட்டினோம். "ஐயா, நகராட்சித் தலைவர் யார்?" என்றான் ஒருவன்.

"அதிகாரி ஒருவர் பார்த்துக்கொள்கிறார்" என்றோம்.