பாகூர் வயலுக்கு அடியில் 41 கோடி டன்

பழுப்பு நிலக்கரி என்றால் நமக்கு நெய்வேலிதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட, கறுப்பாக ஏதோ வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு அரை நூற்றாண்டு முன்னாடியே நம்ம பாகூரில் அது தென்பட்டது பலருக்குத் தெரியாது.

அங்கேயும் தேடியது தண்ணீரைத்தான். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் போட்ட ஆழ்துளைகளில் தண்ணீர் தானாகவே மேலே பொங்கியது. சென்னைக்கும் இப்படிக் கிடைக்குமா என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-ல் கட்டுரை எழுதினார். அந்தத் துளைகளின் தொடர்ச்சியாக, 1880-களில் பொய்லே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாகூர்ப் பக்கம் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்.

இன்று அரசுக் கணக்கில் புதுச்சேரியின் பழுப்பு நிலக்கரி 41.66 கோடி டன். இந்த எண் எப்படி வந்தது? யாரும் தோண்டி எடைபோடவில்லை. அங்கங்கே துளை போட்டு, படிவம் எத்தனை மீட்டர் தடிமன் என்று பார்ப்பார்கள். இரண்டு துளைக்கு நடுவே என்ன இருக்கும் என்பது கணிப்பு. பரப்பு, தடிமன், அடர்த்தி மூன்றையும் பெருக்கினால் டன் கிடைக்கும். துளைகள் நெருங்க நெருங்க நம்பிக்கை கூடும். அதை வைத்து 'உறுதி செய்யப்பட்டது', 'சுட்டப்பட்டது', 'ஊகிக்கப்பட்டது' என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

புதுச்சேரிக் கணக்கில் சுட்டப்பட்டது 40.56 கோடி, ஊகிக்கப்பட்டது 1.10 கோடி. உறுதி செய்யப்பட்டது பூஜ்யம்! என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலிலேயே நேர்மையான எண் இந்தப் பூஜ்யம்தான்.

உறுதியானாலும் அது வெறும் 'வளம்'. லாபமாக எடுக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் அது 'இருப்பு'. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு வராமலிருக்க, இரவு பகலாகப் பம்பு ஓட வேண்டியிருக்கிறது. பாகூர்ப் பக்கம் மேலே ஏரியும் நெல் வயலும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேரெடுத்த மண் அது. நிலத்தடி நீரை அப்படி இறைத்தால் சுற்றுவட்டாரப் போர்களின் கதி என்ன? டன் கணக்கில் அதற்குக் கட்டம் கிடையாது.

அடுத்த முறை யாராவது 'நம்ம காலடியில் கோடிக்கணக்கான டன் இருக்கு' என்று சொன்னால், ஒரே கேள்வி கேளுங்கள்: அதில் உறுதி செய்யப்பட்டது எவ்வளவு?